உருகியதும் விழுந்த முள்

என் கண்ணாடியைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பேராசிரியர் ஆம்டால் ஒரே வாரத்தில் மூன்று முறை சொன்னார்.

நான் எய்லர்ட் விகான், த்ரோண்ட்ஹெய்ம் கல்லூரியின் வேதியியல் துறையில் கண்ணாடி ஊதுபவன். அந்த மார்ச் மாதம் நான் ஊதிய குழாய்களெல்லாம் ஆம்டாலிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த போர்கில்ட் நெஸ்ஸெத்துக்காகத்தான். உப்புகளைக் குழாய்களில் அடைத்து உருக்கி, கண்ணாடி வழியாக உள்ளே கம்பி நுழைத்து, அவற்றில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்துகொண்டிருந்தாள். கட்டியாக இருக்கும் உப்பில் மின்சாரம் அவ்வளவாகப் போகாது, உருகினால் தாராளமாகப் பாயும். சோடியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் சொன்னபடி கேட்டன. அலுமினியம் குளோரைடு அடம்பிடித்தது. கட்டியாக இருக்கையில் சூடு ஏற ஏற மீட்டரின் முள்ளும் மெல்ல ஏறும். உருகிய நொடியில் பொத்தென்று பூஜ்யத்தில் விழும்.

"கம்பி விட்டுப்போச்சு," என்றார் ஆம்டால். "உருகும்போது கண்ணாடி விரிசல் விட்டிருக்கு. உங்க வேலைதான் விகான்."

மூன்று குழாய்களையும் உடைத்துப் பார்த்தேன். டங்ஸ்டன் கம்பி கண்ணாடிக்குள் நுழையும் இடம் நல்ல செம்பு நிறத்தில் இருந்தது. ஒட்டு சரியாக இருந்தால்தான் அந்த நிறம் வரும். மயிரிழை விரிசல்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு எல்லோரும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தபோது போர்கில்ட் மட்டும் பிரிக்கவில்லை.

"திங்கக்கிழமை ஆய்வேடு குழு முன்னாடி போகுது. அலுமினியம் அத்தியாயம் இருந்தா ஆம்டால் கையெழுத்து போட மாட்டேன்னுட்டார்," என்றாள்.

"எடுத்துட்டுக் குடுத்துடேன்."

"எடுத்துட்டா மிச்சம் எல்லாம் ஊருக்கே தெரிஞ்சது. அதுக்கு யாரு பட்டம் குடுப்பா?"

ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள். ஒவ்வொரு தனிமத்துக்கும் நேரே ஓர் எண் இருந்தது. எலக்ட்ரானை அது எவ்வளவு பலமாகத் தன் பக்கம் இழுக்கும் என்ற கணக்கு அது.

"கயிறு இழுக்கிற போட்டியா?" என்றேன்.

"அதேதான். குளோரினுக்கு மூணு, சோடியத்துக்குப் புள்ளி ஒம்பது. வித்தியாசம் ரெண்டு புள்ளி ஒண்ணு. அவ்வளவு இருந்தா ஒருத்தர் மொத்தமாப் பிடுங்கிக்குவார். இது அயனி, அதுவும் அயனி. உருகினதும் ஆளுக்கொரு பக்கம் ஓடும். அந்த ஓட்டம்தான் மின்சாரம். மக்னீசியத்துக்கு வித்தியாசம் ஒண்ணு புள்ளி எட்டு. அலுமினியத்துக்கு ஒண்ணரைதான். ஒண்ணு புள்ளி ஏழுகிட்ட வந்தா கதை மாறிடுது. கோடு கிழிச்ச மாதிரி இல்ல, மெல்ல மெல்ல மாறும். கீழ போகப் போக யாரும் முழுசா ஜெயிக்கிறதில்ல. பங்கு போட்டுக்கிட்டு ஒட்டிக்குவாங்க. அப்புறம் ஓடறதுக்கு ஆள் ஏது?"

"அப்ப கட்டியில மட்டும் முள் ஏன் நகருது?"

"அது எல்லையில நிக்கிற பொருள். கட்டியில நெருக்கி அடுக்கியிருக்கறதால உப்பு மாதிரி நடிக்குது. உருகினதும் ரெண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் தனித்தனிக் குடும்பமாப் பிரிஞ்சுடுதுன்னு நினைக்கிறேன். நினைச்சு என்ன? காட்டணுமே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "முள் விழுந்த பிறகு ஆறவிட்டுப் பாத்தியா?"

"இல்லையே," என்றாள். மூன்று முறையும் முள் விழுந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம் குழாயை உடைத்ததுதான். ஆம்டால் குற்றத்தைத் தேடினார், நான் என் மானத்தைத் தேடினேன். குழாயை யாரும் சும்மா விடவில்லை.

மூன்று மணிக்கு நாலாவது குழாயை எண்ணெய்த் தொட்டியில் இறக்கினோம். உள்ளே அழுத்தம் ஏறும் என்பதால் முன்னால் தடிமனான கண்ணாடித் தடுப்பு. ஆம்டால் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். நூற்றெழுபது டிகிரி, நூற்றெண்பது. முள் ஏறியது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டைத் தாண்டியதும் வெள்ளைக் கட்டி தண்ணீராகத் தெளிந்தது, முள் விழுந்தது.

"பாத்தீங்களா, விட்டுப்போச்சு." அவர் கை மீட்டரின் சுவிட்சுக்குப் போனது.

"தொடாதீங்க சார்!" போர்கில்ட் அவரிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தொட்டிக்கு அடியிலிருந்த அடுப்பை மட்டும் அணைத்தாள்.

காத்திருந்தோம். தெளிந்த திரவத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தோன்றியது. அது படர்ந்து குழாய் முழுக்க வெளுத்தது. முள் அசைந்து, விழுந்த இடத்திலிருந்து எழுந்து, மேலே போய் நின்றது.

அறுந்த கம்பி தானாக ஒட்டாது. குழாய்க்குள் ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உள்ளே இருந்தவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த விதம் மட்டும் மாறியிருந்தது. கண்ணுக்கே தெரியாதவற்றின் இழுபறியை அந்த முள் எனக்குக் காட்டிவிட்டது. இருபது வருடம் கண்ணாடி ஊதியிருக்கிறேன், என் குழாய்க்குள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆம்டால் கோட்டைக் கழற்றினார். அடுப்பைத் தானே பற்றவைத்தார். உருக்கினார், ஆறவைத்தார், மறுபடி உருக்கினார். நாலு முறை. முள் ஒரு முறையும் ஏமாற்றவில்லை.

"குளோரினுக்குப் பதிலா ஃப்ளூரின் வெச்சா?" என்று கேட்டார்.

"அதுக்கு நாலு சார். வித்தியாசம் ரெண்டரை. அலுமினியம் ஃப்ளூரைடு உப்புதான்."

"அதான் அந்தச் சனியனை எவ்வளவு சிவக்கச் சுட்டாலும் உருகமாட்டேங்குது!" அவர் சிரித்துவிட்டார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்தார். "உலோகமும் குளோரினும் சேர்ந்தா உப்புன்னு இருபத்தெட்டு வருஷமா போர்டுல எழுதறேன் நெஸ்ஸெத். எத்தனை பேர் அதைக் காப்பி பண்ணியிருப்பாங்க!"

போர்கில்ட் அழுதுவிட்டாள். அவர் பேனாவைக் கேட்டு வாங்கி ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அலுமினியம் அத்தியாயம் வந்ததும் குழுவில் ஒருவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "இது வெறும் கம்பி அறுந்த கேஸா இருக்கக் கூடாதா?" என்றார்.

போர்கில்ட் வாயைத் திறப்பதற்குள் ஆம்டால் எழுந்துவிட்டார். "அப்படித்தான் நானும் சொன்னேன். தப்பா சொன்னேன். நீங்க அவங்களைக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.