இடது கைக்கு ஒரு புத்தகம்

மருமகள் புத்தகக் கடையில் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். இடது கையால் ஒரு புத்தகத்தை எடுப்பாள், தூக்கிப் பிடிப்பாள், கட்டைவிரலால் ஒரு பக்கத்தைத் தள்ளிப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்கி வைத்துவிடுவாள். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, புத்தகம் வாங்குறீங்களா, கத்திரிக்காய் பொறுக்குறீங்களா?"

"எங்க அத்தைக்குங்க. ஒரு கைதான் வேலை செய்யுது. கெட்டி அட்டையெல்லாம் ஆகாது."

அத்தை என்றால் மாமியார். ஒரு பள்ளிக்கூட நூலகத்தையே கட்டி ஆண்டவர். கல்யாணமான புதிதில் மருமகள் ஒரு பக்கத்தின் முனையை மடித்து வைத்ததற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உன் காதைத் திருகினா வலிக்குமா, வலிக்காதா?" என்று மட்டும் கேட்டார். அப்பேர்ப்பட்டவர், பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து புத்தகம் இருக்கும் பக்கமே திரும்புவதில்லை. கண் சரியில்லை என்றார். வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நேற்று ஜன்னல் வழியாக எதிர் மாடியில் காய்ந்த சட்டையைப் பார்த்து, "அதுல ஒரு பட்டன் இல்ல பாரு" என்றார். கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை, கைதான் சங்கதி என்பது மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. படிப்பை விட்டவர் பேச்சையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார். இப்படியே போனால் ஆளே அணைந்துபோவார் என்று அவளுக்குப் பயம்.

பழைய நாவல் ஒன்று, உலகமே கொண்டாடுவது, ஒல்லியாகத்தான் இருந்தது. ஆனால் விட்டால் பட்டென்று மூடிக்கொண்டது. பழக்கிக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டாள். கடிகாரத்துக்குள் குடியிருந்த எலியைப் பற்றிய சிறுவர் கதை லேசாக, சொன்ன பேச்சைக் கேட்டு மல்லாந்து கிடந்தது. அதையும் எடுத்தாள். அப்புறம் கண்ணில் பட்டது யூதர்களின் வரலாறு. உடம்புக்கு வருமுன் மாமியார் நூலகத்திலிருந்து எடுத்துவந்து பாதிவரை படித்த அதே புத்தகம். பேப்பர்பேக் என்று பேர்தான், செங்கல் கனம். இடது மணிக்கட்டு தொங்கிப்போனது. ஆனாலும் மனசு கேட்காமல் வாங்கினாள்.

மூன்றையும் மாமியாரின் கட்டிலில் பரப்பினாள். அவர் எலிக் கதையைப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் பல்லு முளைக்கலைன்னு நெனச்சியா?"

நாவலை, மனப்பாடம் என்று ஒதுக்கினார். வரலாற்றின் மேல் கை தானாகப் போனது. தூக்கப் பார்த்தார். அது நழுவி மடியில் விழுந்தது.

"இவங்கள ஊர் ஊரா விரட்டியிருக்காங்க. போன இடமெல்லாம் புத்தகத்தத் தூக்கிட்டே போயிருக்காங்க. நான் பாரு, கட்டில்ல உக்காந்துகிட்டு ஒண்ணத் தூக்க முடியல." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருமகள் அந்த வரலாற்றுப் புத்தகத்தை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அதன் முதுகை விரித்துக் கத்தியை வைத்தாள். பக்கம் மடித்ததற்கே ஒரு வாரம், இதற்கு ஆயுள் தண்டனைதான். பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். மூன்று துண்டு. ஓரங்களுக்கு டேப் ஒட்டி, அவர் படித்து நிறுத்திய இடம் இருந்த நடுத்துண்டை மட்டும் கொண்டுபோய் நீட்டினாள்.

மாமியார் அறுந்த முதுகை விரலால் தடவினார்.

"யாரு வெட்டினா?"

"நான்தான் அத்தை. திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க."

"கோணலா வெட்டியிருக்க," என்றார் மாமியார். "கண்ணாடிய எடு."

சாயங்காலம் டீயோடு வந்து இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் காதில் விழவில்லை. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். மாமியார் நிமிர்ந்தார். டம்ளரை வாங்க வேண்டும், இருப்பதோ ஒரு கை. பக்கத்துக்கு அடையாளம் வைக்கும் அட்டை எப்போதோ நழுவிக் கட்டிலுக்கடியில் கிடந்தது. புத்தகத்தை மடியில் வைத்து, பக்கத்தின் முனையைக் கட்டைவிரலால் மெல்ல மடித்தார். மடித்த பிறகுதான் மருமகள் நிற்பது நினைவுக்கு வந்தது.

"நீ ஒண்ணும் பாக்கல," என்றார்.

"நான் எங்க பாத்தேன்? எனக்குத்தான் கண்ணு சரியில்லையே அத்தை."