ஆறாம் வருடக் கேள்வித்தாள்

"டாக்டரம்மா கேட்டா, இவ முன்ன மாதிரி இல்லைன்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று நாத்தனார் தன் தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது, அடுத்த அறையில் தலை வாரிக்கொண்டிருந்தவள் காதில் விழுந்தது.

ஆறு வருடங்களுக்கு முன் பஸ் படியிலிருந்து விழுந்து மண்டை உடைந்தவள் அவள். பிழைத்ததே பெரிது என்றார்கள். தலையில் அடிபட்டவர்களுக்குக் காலம் போகப்போக என்னவெல்லாம் ஆகிறது என்று ஆராய்கிற ஆஸ்பத்திரிக்கு வருடம் ஒருமுறை போய்வந்தாள். வாசனை அடியோடு போய்விட்டது. வேலை பார்க்கிற பேக்கரியில் ரொட்டி தீய்ந்தாலும் தெரியாது என்பதால் கடிகாரத்தைப் பார்த்தே வேலையை ஓட்டினாள். பேசும்போது பாதியில் சொல் நழுவிவிடும். எதையும் மறைத்ததில்லை. நாளைக்கு அடிபட்டு வருகிறவர்களுக்காவது உதவட்டுமே என்ற எண்ணம்.

இந்த முறை கணவன் அக்காளோடு கூடவே கிளம்பினான். காரணம் ஊரறிந்த ரகசியம். மூளை கலங்கியவள் என்று ஒரு தாள் கிடைத்தால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு பெண் பார்க்கலாம்.

டாக்டரம்மா நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். மெதுவாக, தப்பில்லாமல் கழித்தாள். பிறகு வீட்டாருக்கான கேள்விகள். குணம் மாறியிருக்கிறதா? மாறிவிட்டது என்றான் கணவன். முன்பெல்லாம் கை ஓங்கினால் தலை குனிந்து நிற்பாளாம். இப்போது வாய்க்கு வாய் பேசுகிறாளாம். போன மாதம் ஓங்கிய கையைப் பிடித்தே விட்டாளாம். நாத்தனார் ஒத்து ஊதினாள். டாக்டரம்மாவின் பேனா 'மிகுந்த கோபம்' என்ற கட்டத்துக்கு மேல் போய் நின்றது.

"அதுல டிக் போடாதீங்க" என்றாள் அவள். "வாசனை போனது, மறதி வந்தது, எல்லாம் அடிபட்டதால. எழுதிக்கங்க. கோபம் கல்யாணமான மறுமாசமே வந்துடுச்சு. வெளிய விடத்தான் இத்தனை வருஷமாச்சு."

வீட்டார் சொல்வதைத்தான் எழுதுவது வழக்கம் என்று டாக்டரம்மா தயங்கினார். அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்துப் படித்தாள். 'உறவினர் அல்லது நன்கு அறிந்தவர்' என்று அச்சடித்திருந்தது.

"பேக்கரியில பதினோரு வருஷமா என் பக்கத்து அடுப்புல நிக்கிறா ஒருத்தி. அவளைக் கூட்டிட்டு வர்றேன், கேளுங்க. இவருக்கு என்னைத் தெரியாது."

கணவன் மேசையில் ஓங்கிக் குத்தினான். தாள்கள் தரையெங்கும் சிதறின. பிறந்ததிலிருந்து அவன் தலையில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவன் கோபத்துக்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

அவள் குனிந்து தாள்களைப் பொறுக்கி, பக்க எண் பார்த்து அடுக்கி மேசைமேல் வைத்தாள். வியாழக்கிழமை தனக்கும் அந்தப் பக்கத்து அடுப்புக்காரிக்கும் வேலை இல்லை, அன்றைக்கு அவளோடு வரலாமா என்று கேட்டாள்.

டாக்டரம்மா அந்த 'உறவினர்' வரியில் எழுதியிருந்த கணவன் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, 'வியாழன்' என்று எழுதினார்.