கள்ளிக்காரரின் ஆர்க்கிட்

ஆஸ்பத்திரி வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டபோது அவர் இன்னும் ஸ்டூல் மேல்தான் நின்றிருந்தார். கடையில் வாங்கிய ஊதா ஆர்க்கிட்டை மனைவியின் செடி தொங்கிய கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கி, பழைய தொட்டிகளை மாடிப்படிக்கு அடியில் தள்ளி, சாக்கால் மூடினார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்குத் திருட்டுத்தனம் புதிது.

முன்வராந்தாவில் கீழ்த்தட்டு அவருடையது: கள்ளிகள், சதைப்பற்றுச் செடிகள். மேலே தொங்குவதெல்லாம் அவளுடைய ஆர்க்கிட். காலையில் அவள் தண்ணீர் தெளிப்பாள், அது கீழே சொட்டும், "என் பிள்ளைங்களை அழுக வச்சிடுவே" என்று இவர் கத்துவார். அந்த வீட்டில் பொழுது விடிந்ததே அந்தச் சண்டையில்தான்.

"நான் ஒருத்தி போதாதா, இத்தனை கள்ளி வேணுமா உங்களுக்கு?"

"நீ ஒருத்தியே நூறு கள்ளிக்குச் சமம்டி."

அந்தக் காலைகளில் ஒன்று திரும்பக் கிடைக்குமென்றால், கள்ளி அத்தனையும் அழுகிப் போகட்டும் என்று இப்போது தோன்றியது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆர்க்கிட்டுகளுக்கும் அவர் கள்ளிக் கணக்கிலேயே தண்ணீர் விட்டார். தொட்டி காயட்டும், இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று விடுவதுதான் அவருக்குத் தெரிந்த வளர்ப்பு. ஒவ்வொன்றாகச் சுருண்டது. அவளிடமோ, "மொட்டு விட்டிருக்கு" என்று வாய் கூசாமல் சொல்லிவந்தார். டாக்டர் கையை விரித்து, வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்ன அன்றுதான் செடிக் கடையைத் தேடி ஓடினார்.

கட்டிலை வராந்தாவிலேயே போட்டார்கள்.

"பூத்திருச்சு, பாத்தியா?" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்குங்க." மூச்சு வாங்கியது. "ரெண்டு நாளைக்கு நேர்வெயில்ல வச்சிடாதீங்க. புது இடம், பழகணும்ல."

கண்ணை மூடிக்கொண்டாள், உதட்டோரம் மட்டும் லேசாகக் கோணியது. கள்ளி! எல்லாம் தெரிந்துவிட்டது அவளுக்கு. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

காலையில் உடலை அதே வராந்தாவில் கிடத்தியிருந்தார்கள். அவளுடைய தங்கை ஆர்க்கிட்டைக் கழற்றி, தலைமாட்டுப் பக்கம் வாசற்படியில் வைத்தாள்.

"அக்கா கையால வளர்த்தது, அத்தான். எல்லாரும் பாக்கட்டும்."

வந்தவர்கள், "என்ன ஒரு கைராசி!" என்று மெச்சினார்கள். அது நேர்வெயில் விழும் படி. நகர்த்தினால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் சாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும். அவள் காட்டிக்கொடுக்காததை இவர் எப்படிச் சொல்வது?

வெயில் ஏறிப் படியைத் தொட்டது. அவர் நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அத்தான், வெயில் மண்டையைப் பிளக்குது. உள்ள வாங்க."

"இருக்கட்டும்மா."

"பாவம், மனுஷன் பித்துப் பிடிச்ச மாதிரி ஆயிட்டாரு" என்றார் யாரோ.

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். அவருடைய நிழல் இப்போது பூவின்மேல் முழுதாக விழுந்தது.