வெளியாள் ஒருவர்

தாராவியில் ஸ்கூல் பேக் தைக்கும் பட்டறை வைத்திருந்த பானுமதிக்கு, பார்வையிட வரும் அதிகாரி தமிழர் என்று கேள்விப்பட்டதும் பாதி வேலை முடிந்துவிட்டதாகவே தோன்றியது. மராட்டியில் கேள்வி கேட்டால் அவளுக்கு நாக்கு எழும்பாது. நம்ம ஆள் என்றால் ஒரு காபியோடு காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தாள். நம்ம ஆளை நம்பி மாட்டிக்கொண்டவர்கள் பம்பாயில் எத்தனையோ பேர். அன்று அவளும் அதில் சேர்ந்தாள்.

விஷயம் இதுதான். புது மெஷின் வாங்கி, குடும்பத்தைச் சேராத பத்துப் பேருக்குப் புதிதாக வேலை கொடுத்தால், கட்டுகிற வரியில் மாநில அரசின் பங்கு ஐந்து வருஷத்துக்குத் திரும்பி வரும் என்று ஒரு சலுகைத் திட்டம். பானுமதி துணிந்து மெஷினும் வாங்கினாள், பத்துப் பேரையும் சேர்த்தாள். சலுகை கிடைக்காவிட்டால் நாலு பேரை அனுப்பியாக வேண்டும். கடைசியாகச் சேர்ந்த இசக்கிசெல்வி, காட்கோபரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவள் முகத்தைப் பார்த்து 'நாளையிலிருந்து வராதே' என்று சொல்வதை நினைத்தாலே பானுமதிக்குச் சோறு இறங்கவில்லை.

கணவன் ராஜபாண்டி ஆரம்பத்திலேயே சொன்னான்: "சர்க்காரை நம்பியா பத்து பேரைச் சேக்குத? அஞ்சு போதும்." அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. தினமும் பட்டறைக்கு வருவான், மூலையில் உட்கார்ந்து ஜிப் வெட்டுவான், போவான். முதலில் யார் வாயைத் திறப்பது என்பதில் இருவருக்கும் அப்படியொரு வீம்பு.

அதிகாரி அனந்த் மாட்டுங்காவிலிருந்து வந்தார். கசங்காத சட்டை, கையில் டேப்லெட். "முதலாளி பக்கத்துல நின்னா யாரும் வாயைத் திறக்க மாட்டா. நீங்க கொஞ்சம் இங்கயே இருங்கோ அக்கா" என்று பானுமதியைச் சந்தில் நிறுத்திவிட்டு மாடியேறினார்.

அரை மணி நேரத்தில் இறங்கி வந்தவரின் முகம் சரியாக இல்லை.

"உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை. மேலே பதினோரு பேர் இருக்கா. அதுல பத்துப் பேர் உங்க சொந்தக்காரா."

"என்னது?"

"முதலாளி யாருன்னு கேட்டா ஒருத்தர் அத்தைங்கறார், ஒருத்தர் மதினிங்கறார், இசக்கிசெல்வி 'எங்க பெரியம்மை'ங்கறா. ஒரே ஒருத்தர்தான் வெளியாள். மூலையில ஜிப் வெட்டறவர். முதலாளி உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டேன். 'அந்தம்மாவுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது'ன்னுட்டார். அவர் பேர் லிஸ்ட்லயே இல்லை. வெளியாளை மறைச்சுட்டு சொந்தக்காராளைக் காட்டறேளே!"

பானுமதிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "ஐயா, அவுகதான் என் வீட்டுக்காரவுக!"

அனந்த் நம்பவில்லை. இந்த மாதிரிக் கதைகளை அவர் நிறையக் கேட்டிருக்கிறார்.

"இப்பதான என்னை அக்கான்னு சொன்னிய? அப்ப நாம ரெண்டு பேரும் கூடப் பொறந்தமா?"

"அது ஒரு மரியாதைக்கு."

"அவுகளும் மரியாதைக்குத்தான் சொல்லுதாவ. மேல வாங்க."

மேலே, முதல் மெஷினில் ஷம்ஷாத் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, பீகார்க்காரர். அனந்தின் டேப்லெட்டில் அவர் பெயருக்கு நேரே 'மருமகன்' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் நாற்பத்திரண்டு வயது பானுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். அத்தை என்றால் என்ன அர்த்தம் என்று அனந்த் அவரிடம் இந்தியில் கேட்டார்.

"அர்த்தமெல்லாம் தெரியாது சாப். அவங்க பேரு அது."

"வாசல் போர்டுல பானுமதின்னு இருக்கே?"

"அது கடை பேரு."

அனந்த் சத்தமில்லாமல் மருமகனை அழித்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். குடும்பத்தில் யார் யார் என்று கணவர் தன் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எல்லா மெஷினும் நின்றது. எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். ராஜபாண்டி தலையைத் தூக்காமல் ஜிப் வெட்டிக்கொண்டிருந்தான். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லிக் கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும், நாலு பேரின் வேலை போய்விடும். அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான் அவன்.

பானுமதி இசக்கிசெல்வியை ஒரு தடவை பார்த்தாள். வீம்பாவது மண்ணாவது என்று மூலைக்குப் போய் நின்றாள்.

"ஏங்க, நாந்தான் மொதல்ல பேசுதேன். நீங்க செயிச்சுட்டிய. சார் கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க."

ராஜபாண்டி கத்திரியைக் கீழே வைத்தான். எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டான். அனந்த் கேட்டார்: "இதுல உங்க குடும்பத்தைச் சேர்ந்தவா யார் யார்?"

அவன் பத்துப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"இவுக பத்து பேரும் வேலைக்கு வந்தவுக சார்" என்றான். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பானுமதியைப் பார்த்தான். "இவளுக்குச் சொந்தம்னு இந்தப் பம்பாயில நான் ஒருத்தந்தான் இருக்கேன்."

அனந்த் 'பத்து' என்று தட்டி ஒப்புதலை அனுப்பினார். பானுமதி அழுதேவிட்டாள். சலுகைக்காக அழுகிறாள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டார்.