முப்பத்தொன்றில் நின்றவள்

மகளுக்கு முப்பது வயதான வருடத்தில் அம்மாவுக்கு வயது முப்பத்தொன்று. அதற்கு முந்தைய வருடமும் முப்பத்தொன்றுதான். மகள் பால்பல் விழுந்து பொக்கை வாயோடு பள்ளிக்கூடம் போன வருடமும் முப்பத்தொன்றுதான். தெருவில் இதைப் பற்றிப் பேசுவதை எல்லோரும் எப்போதோ விட்டிருந்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும் முதல் மாதத்தில் "அக்கா தங்கச்சியா?" என்று கேட்பார்கள். அடுத்த மாதம், குழாயில் தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்பதோடு சேர்த்து இதையும் தெரிந்துகொண்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

தெரு அவளை நத்தையம்மா என்றுதான் கூப்பிட்டது. ஆய்வு நிலையத்தின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறையில், கண்ணாடித் தொட்டிகளில் நத்தை வளர்த்து அவற்றின் கோழையிலிருந்து பசை எடுப்பது அவள் வேலை. எந்தப் பசையும் ஈரத்தில் நழுவும்; இது ஒட்டியது. அறுவை செய்த இடத்தைத் தைக்காமல் இதைக் கொண்டே ஒட்டிவிடலாம் என்று நம்பினாள். முயல் காதில் ஒட்டிக் காட்டவும் செய்தாள். ஆனால் ஒட்டியது நாள்பட நிற்கிறதா, புண் திரும்ப வாய் பிளக்கிறதா என்று பார்க்க மூன்று வருடம் வேண்டும். பணமோ இரண்டு வருடத்துக்குத்தான் வரும். அது முடிந்ததும் வேறு தலைப்பில் வேறு திட்டம் எழுதி, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உலை கொதிக்கப் போகும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, போய் வேறு பானை எடுத்து வா என்பதுபோல.

அந்தப் பணத்துக்கு இளம் ஆய்வாளர் நல்கை என்று பெயர். முப்பத்திரண்டு வயதைத் தொட்டவர்களுக்குக் கிடையாது. முதல் நல்கைக்குக் கையெழுத்துப் போட்ட அன்று அவளுக்கு வயது ஏறுவது நின்றது. நகம் வளர்ந்தது, முடி வளர்ந்தது, சளி பிடித்தது, விட்டது; வயது மட்டும் ஏறவில்லை. இரண்டாம் நல்கைக்குப் போனபோது அலுவலகத்தில் சந்தேகப்பட்டு அரசு மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் பல்லைப் பார்த்தார், முழங்காலை மடக்கிப் பார்த்தார், முப்பத்தொன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நல்கை அலுவலகத்துக் கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வயசுன்னுதான் போட்டிருக்கு. பொறந்த தேதின்னு எங்கயும் இல்ல. குடுத்துடலாம்" என்றார். கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

கேட்பவர்களுக்கு இது வரம் போலத் தோன்றும். ஆனால் நிரந்தர வேலைக்குப் போன முதல் நேர்காணலில், "இந்த வயசுக்கு இது பெரிய பதவிம்மா, உனக்கென்ன, இன்னும் காலம் இருக்கு" என்று அனுப்பினார்கள். பத்து வருடம் கழித்துப் போனபோது, இவ்வளவு அனுபவத்துக்கு இது சின்னப் பதவி, நமக்கே சங்கடம் என்றார்கள். கல்லூரியில் பாடம் நடத்தப் போனாள். பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள், கொஞ்சம் மூப்புத் தெரியட்டும், அப்புறம் வா என்றார் முதல்வர். செருப்புக்கு அடியொட்டும் பசை செய்யும் தொழிற்சாலையில் மட்டும் உடனே வரச் சொன்னார்கள். அவள்தான் போகவில்லை. நத்தைகளுக்குக் கீரை நறுக்கிப் போட்டபடி, இந்த ஒரு தடவை, இன்னும் இந்த ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டாள். தொட்டி கழுவ அவள் சொல்லிக்கொடுத்த மாணவன் ஒருவன் அங்கேயே படித்து, அங்கேயே வளர்ந்து, தலை வழுக்கையாகி, நிலையத்துக்கே இயக்குநரானான். முதலில் அக்கா என்றவன், பிறகு மேடம் என்றான். கடைசியில், தன்னையறியாமல், "வாம்மா, உக்காரு" என்று சொல்ல ஆரம்பித்தார். அவர்மீது குற்றமில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவள் அவர் மகள் வயதில்தானே இருந்தாள். முதல்முறை அதைக் கேட்ட அன்று அவள் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு தொட்டிகளைக் கழுவினாள்.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். கல்யாணத்தின்போது இருவருக்கும் ஒரே வயது. அவருக்குக் காதோரம் நரைத்தது, முதுகு பிடித்தது, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஒருநாள் இருவரும் கடைத்தெருவில் நடந்தபோது துணிக்கடைக்காரர், "பொண்ணுக்கு எடுக்கணுமா சார்?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து கணவர் இரண்டடி பின்தங்கி நடக்கத் தொடங்கினார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவள் அழுதபோது அவர் சொன்னார்: "உனக்கு வயசாகலைன்னு எனக்கு வயித்தெரிச்சல் இல்ல. நான் தனியா வயசாக வேண்டியிருக்கே, அதான்." அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். அடுத்த திட்டத்தை ஒப்படைக்க அந்த வாரமே கடைசி.

அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் மகள் விஞ்ஞானமே படித்தாள். வீட்டுச் சுவர்களில் பூக்கும் பூஞ்சையை ஆராய்ந்தாள்; அந்தப் பூஞ்சையைக் கொல்லாமலே சுவரைக் காப்பாற்ற முடியும் என்று கண்ணை விரித்துக்கொண்டு சொல்வாள். முனைவர் பட்டம் வாங்கினாள், கூலிவேலை போல இங்கே ஆறு மாதம் அங்கே ஆறு மாதம் என்று அலைந்தாள். முப்பதாம் வயதில் இளம் ஆய்வாளர் நல்கைக்கு விண்ணப்பித்தாள். அந்த வருடம் ஒரே ஒரு நல்கைதான் என்று அறிவித்திருந்தார்கள். நேர்காணலுக்கு வந்தவர்களில் கடைசிச் சுற்றுக்கு இருவர் தேறினார்கள். அம்மாவும் மகளும் ஒரே பெஞ்சில், ஒரே மாதிரித் திட்டக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"உனக்குக் கிடைக்கலன்னா என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டாள் மகள்.

"வயசாகும்."

"எனக்குக் கிடைச்சா?"

"உனக்கு ஆகாது."

மகள் தன் செருப்பு நுனியைப் பார்த்தாள். "ரெண்டு வருஷம்தானேம்மா."

"நானும் உங்கப்பாகிட்ட அப்படித்தான் சொன்னேன்."

"சரி, வேற என்ன வழி இருக்கு? நீயே சொல்லு, போயிடறேன்."

அம்மா யோசித்தாள். தனக்குத் தெரிந்த கதவுகளை எல்லாம் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். செருப்புப் பசைத் தொழிற்சாலையைத் தவிர எதுவும் திறக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது மகளின் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் பூஞ்சைச் சாயம் பச்சையாக ஏறி, கழுவினாலும் போகாமல் இருந்தது. அதற்குள் அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

இயக்குநர் தலைமையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமான கேள்வியையே கேட்டார்கள்: இந்தத் திட்டத்தில் புதிதாக என்ன? இத்தனை வருடமும் அதற்கு ஏதோ ஒரு பதிலைச் சோடித்துச் சொல்லி வந்தவள் அன்றைக்குக் கோப்பைத் திறக்கவே இல்லை. "புதுசா ஒண்ணும் இல்லைங்க. அதே பழைய பசைதான். மூணு வருஷம் ஒரே மூச்சா பார்த்தா முடிஞ்சிடும். குடுக்க முடியுமா?" என்றாள். ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா, விதியில இடமில்லையே" என்றார். எத்தனையோ வருடம் கழித்து அவர் அக்கா என்றது அவள் காதில் விழுந்தது. புதிதாக ஒன்றும் இல்லை என்று மகளுக்காகச் சொன்னாளா, அலுத்துப்போய்ச் சொன்னாளா என்று பிற்பாடு அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

நல்கை மகளுக்குக் கிடைத்தது. அம்மா, தன் கணவர் ஓட்டிய பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து வீடு திரும்பினாள். நிறுத்தத்தில் இறங்கும்போது இடது முழங்கால் லேசாகச் சொடுக்கியது. அங்கேயே நின்று, இன்னொரு முறை மடக்கிப் பார்த்தாள், மறுபடி சொடுக்கியது. நத்தைகளை ஆற்றோரம் கொண்டுபோய் விட்டாள். அடுத்த வாரம் செருப்புப் பசைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே நெடி மூக்கைத் துளைத்தது, வேலையில் யோசிக்க ஒன்றுமில்லை. மாலையானதும் சங்கு ஊதியது, போகலாம் என்றார்கள். விட்டுப்போன வருடங்கள் ஒரேயடியாக வந்து தலையில் விழும் என்று மருத்துவர் ஒருவர் பயமுறுத்தியிருந்தார். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோருக்கும் போல வருடத்துக்கு ஒன்றாகத்தான் வந்தது. வகிட்டில் முதல் நரை தெரிந்த அன்று ஓய்வு பெற்றிருந்த ஓட்டுநர் அதை விரலால் தடவிப் பார்த்து, "மெதுவா வா. நான் எங்க போயிடப் போறேன்" என்றார். அவள் எத்தனை வேகமாக வந்தாலும் அவரை எட்டிப் பிடிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். கடைத்தெருவில் அவர் அவளோடு சேர்ந்து நடந்தார்.

மகளின் நல்கை புதுப்பிக்கப்பட்டது, பிறகு இன்னொரு முறையும் புதுப்பிக்கப்பட்டது. பூஞ்சை ஒரு சுவரைத் தின்று முடிக்க ஐந்து வருடம் ஆகும். அவளும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல் இல்லாத அதே அறை. முகத்தில் ஒரு கோடு விழவில்லை. ஆனால் தெருவில் யாருக்கும் அது உறைக்கவில்லை. அம்மாவுக்கு நரைத்ததும், பார்க்கிறவர்களுக்கு அம்மா அம்மாவாகவும் மகள் மகளாகவும் தெரிய ஆரம்பித்தார்கள். ஏதோ கோணலாக இருந்த ஒன்று நேராகிவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. அக்கா தங்கச்சியா என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் விசாரித்தாள். பொண்ணு என்ன செய்யறா? ஆராய்ச்சி. வேலை நிரந்தரமா? இல்லை. கல்யாணம் காட்சி? இன்னும் இல்லை. அந்த அம்மாள் உச்சுக்கொட்டி, "காலாகாலத்துல எல்லாம் ஆகணும் இல்லையா?" என்றாள்.

"அவளுக்கு இன்னும் வயசாகலைங்க" என்றாள் நத்தையம்மா. மழை இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.