ஆண் கெண்டையின் சினை

அம்சம் மீன்கூடையோடு கிராம சபைக்கு வந்ததும் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தட்டும், அவளுக்கென்ன! அவளுடைய மகளிர் குழுவிடமிருந்து அல்லிக்குளத்துக் குத்தகையைப் பிடுங்கத்தான் அன்றைக்குக் கூட்டமே. வலங்கைமான் பக்கத்து அந்தக் குளத்தில் கூலிக்காரர்களும் வலை போடும் உரிமைக்காகப் போராடித்தான் அவள் அப்பா ஏழு மாதம் ஜெயிலில் கிடந்தார். அத்தனை லேசில் விட்டுவிடுவாளா?

குளம் ஒரு காலத்தில் சந்தானகிருஷ்ணன் வீட்டுச் சொத்து. அவர்தான் முதலில் எழுந்தார். "ரெண்டு வருஷமா ஒரு குஞ்சு இல்ல. கொசுவலையப் போட்டு மொத்தத்தையும் அள்ளிட்டாங்க. இவங்க கையில குடுத்தா இப்படித்தான்."

"என்னம்மா சொல்றே?" என்றார் தலைவர் இராஜாங்கம்.

அம்சம் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கெண்டையை எடுத்துத் தலைவரிடம் நீட்டினாள். "துடுப்பத் தடவிப் பாருங்க. சொரசொரங்குதா? ஆம்பள மீனு."

வயிற்றைக் கீறினாள். ஆண் மீனுக்குரிய விந்துப் பாலுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாகச் சினைமுட்டை. அடுத்ததிலும் அதே கதிதான்.

குழுவில் மீன் விற்கும் ரெங்கம்மாள் ஓடி வந்தாள். "வாய மூடுடி. இதப் பாத்தா நாளைக்கு எவ வாங்குவா?" என்று தோளைக் கிள்ளினாள்.

"வாங்க வேணாம்க்கா." அம்சம் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். "வாய்க்கால் கரையில அந்தக் கம்பெனி என்ன செய்யுது? பொம்பளைங்க புள்ள தரிக்காம இருக்க முழுங்குற மாத்திரை. அதைக் கழுவுற தண்ணிதான் நம்ம குளத்துக்கு வருது. ஆம்பள மீனுக்கே சினை புடிச்சா குஞ்சு எங்கேருந்து வரும்? இதுவும் ஆம்பளதான், கம்பெனித் தண்ணி கலக்குறதுக்கு முன்னாடி, வாய்க்கால் மேல்பக்கம் புடிச்ச கெண்டை, பாருங்க." கீறினாள். வெறும் பால்தான் வழிந்தது.

கம்பெனிக்கு நிலம் விற்றவரே சந்தானகிருஷ்ணன்தான். "தண்ணி நல்லாருக்குன்னு சர்டிபிகேட் இருக்கு," என்றார்.

"மீனுக்குப் படிக்கத் தெரியாதுங்களே," என்றாள் அம்சம்.

கூட்டம் சிரித்தது. இராஜாங்கம் சிரிக்கவில்லை. "சரி, குத்தகை வேற யாருக்கு வேணும்?" என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை.

"அப்ப குளம் எங்களுதுதான். கம்பெனித் தண்ணி வாய்க்கால்ல விழற குழாய அடைக்கப் போறோம். மண்வெட்டி இருக்கறவங்க வாங்க."

"போலீஸ் வரும்மா," என்றார் இராஜாங்கம்.

"வரட்டுங்க. எங்கப்பா இருந்த ஜெயிலுதானே."

ரெங்கம்மாள் அம்சம் கொண்டுவந்த கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அன்றைக்கு விற்க வேண்டிய மீன் முழுக்க அதில்தான் இருந்தது. பிறகு அத்தனை மீனையும் குப்பைக்குழியில் கொட்டினாள். காலிக் கூடை நிறைய மண்ணை வெட்டிப் போட்டு, தலையில் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வாய்க்கால் பக்கம் நடந்தாள்.