கம்பெனியிலிருந்து வந்த மாதிரி

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்கு அந்தப் பழைய வேன்கள் எல்லாம் வந்து சேரும். கூட்டத்துக்கு அவர்களாகவே வைத்துக்கொண்ட பெயர் தள்ளுவண்டி சங்கம். கிளம்பும்போது ஏதாவது ஒரு வண்டியை எல்லாருமாகச் சேர்ந்து தள்ள வேண்டிவரும், அதனால் அந்தப் பெயர். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பல் டாக்டர், வெல்டர், கணக்கு டீச்சர், இப்படித்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் என்பதால் இவள் எக்ஸ்ரே.

எந்த வேன் உசத்தி என்று பேச ஆரம்பித்தால் மதியம் வரை ஓடும். டாக்டருக்குக் கூரையைத் தூக்கிவிடுகிற வேன். உள்ளே படுக்கை, அடுப்பு, கையகல வாஷ்பேசின் எல்லாம் உண்டு. அதில் ஒரு நாளும் வெளியூர் போய்ப் படுத்தவரில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிப்பார், அவ்வளவுதான். டீச்சருக்குப் பின்னால் இன்ஜின் வைத்த உருண்டை வேன்தான் உயிர். அதன் முகத்தைப் பார்த்தால் தப்புப் பண்ணிவிட்டு முழிக்கிற பிள்ளை மாதிரி இருக்கும், திட்டவே மனசு வராது என்பார். வெல்டருக்கு மூக்கில்லாத வேன்தான் வேன். முன்கண்ணாடிக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது, ரோட்டின் மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற மாதிரி. இப்போது வருகிற வண்டியில் ஏறினால் ஃப்ரிட்ஜுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று அலுத்துக்கொள்வான்.

எக்ஸ்ரேயின் வேனும் மூக்கில்லாததுதான். சாம்பல் நிறச் சலவை வேன். அவளுடைய அப்பா அதில் முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் அழுக்குத் துணியை எடுத்து வெளுத்த துணியைக் கொடுத்தவர். சலவைக் கம்பெனியை மூடியபோது வண்டியை அவருக்கே விட்டுவிட்டார்கள். இடது பக்கம் ஒரு பெரிய நெளிசல். இழுக்கிற கதவு முக்கால்வாசியில் நின்றுவிடும், இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் மீதி மூடும். பின்பக்கப் பலகைத் தரையில் அத்தனை வருஷச் சோப்பு வாசனை ஊறிக் கிடந்தது. முன்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இன்ஜின், அதற்கு மேலே ஒரு தகர மூடி. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அந்த மூடியில் உட்கார்ந்துதான் அப்பாவோடு ஊரைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருவாள். பிள்ளைக்குச் சுடக் கூடாது என்று ஒரு ஆஸ்பத்திரிக் கம்பளியை நாலாக மடித்து, கயிறு போட்டு அதன்மேல் கட்டியிருந்தார். அதிலிருந்து அவளுக்குப் பெயரே மூடி என்று ஆகிவிட்டது. கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளை வீட்டார் முன்னால் "மூடி எங்க போனா?" என்று அப்பா தேட, அவர்கள் எல்லாரும் குனிந்து பாத்திர மூடியைத் தேடினார்கள்.

நாலு வருஷமாக அப்பாவுக்கு நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வந்தது. முதலில் தேதி, அப்புறம் தெரு, அப்புறம் ஆட்கள். ஒரு நாள் காலையில் காபி கொடுத்த மகளைப் பார்த்து "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றார். வேலை பார்த்த காலமெல்லாம் நர்ஸுகளிடம் துணி கொடுத்து வாங்கியவர், தெரியாத பெண்கள் எல்லாரும் அவருக்கு சிஸ்டர்தான். அன்றிலிருந்து அவளும் சிஸ்டர்.

ஆனால் வேனில் ஏறிவிட்டால் ஆளே வேறு. தினமும் வேலையிலிருந்து வந்ததும், வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கிற வேனில் அவரை டிரைவர் சீட்டில் ஏற்றிவிடுவாள். சாவி அவள் பையில் இருக்கும், வண்டி ஓரடிகூட நகராது. அவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார், கியரைத் தட்டிப் பார்ப்பார். அவள் கம்பளி மேல் உட்கார்ந்ததும் திரும்பாமலே கேட்பார்.

"மூடி, உக்காந்தாச்சா?"

"ஆச்சுப்பா."

"கதவு?"

"இடிச்சாச்சு."

"முதல்ல பிரசவ ஆஸ்பத்திரி. அப்புறம் கண்ணு. எலும்புக்கு லேட்டாத்தான் போகணும், அங்க இருக்கிற வார்டு பாய் தூங்குமூஞ்சி."

அரை மணி நேரம் ஊரைச் சுற்றுவார்கள். அவள் அன்றைக்கு எத்தனை பேருக்கு எக்ஸ்ரே எடுத்தாள் என்றுகூடக் கேட்பார். இறங்கிக் காலைத் தரையில் வைத்ததும், பாத்ரூம் எந்தப் பக்கம் சிஸ்டர் என்று கேட்பார். அந்த அரை மணி நேரத்துக்காகவே அவள் மிச்ச நாளை ஓட்டினாள். சங்கத்தில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. வாயைத் திறந்து சொன்னால் அதுவும் போய்விடுமோ என்று ஒரு பயம்.

டிரைவர் சீட்டுக்குக் கீழே தரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டையானது. அப்பாவின் செருப்பு ஒரு நாள் அதில் மாட்டிக்கொண்டது. வெல்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மாசம் விட்டால் கால் கீழே போய்விடும் என்றான். அந்தத் தகரத்தை மட்டும் போட்டுக் கொடு, ஒரு வாரத்துக்குள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

ஒரு வாரம் பதினோரு வாரமானது. போன் பண்ணினால் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்பான், பின்னால் யாரோ சிரிப்பது கேட்கும். முதல் வாரம் அப்பா ஒரு நாளைக்கு மூன்று தடவை வண்டி வந்துவிட்டதா என்று கேட்டார். அப்புறம் ஒரு தடவை. ஆறாவது வாரத்துக்கு மேல் கேட்கவில்லை.

அந்தப் பதினோரு வாரமும் முடிந்து வந்த மாத முதல் ஞாயிறு, மைதானத்தில் எல்லாரும் வட்டமாக நின்றிருந்தார்கள். டீச்சர் அவள் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போனார். வெல்டர் தார்ப்பாயை இழுத்தான்.

கிரீமும் பச்சையுமாக ஒரு வேன் நின்றது. நெளிசல் இல்லை. சாம்பல் பெயிண்டைச் சுரண்டச் சுரண்ட அடியில் அந்த நிறம் கிடைத்ததாம். டாக்டர் பழைய கேட்டலாக் தேடி, கைப்பிடி முதல் கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டை வரை வரவழைத்திருந்தார். பதினோரு சனிக்கிழமையும் எல்லாருமாக வந்து வேலை பார்த்திருக்கிறார்கள். டீச்சர் சீட்டுக்குத் துணி தைத்திருந்தார். கதவை வெல்டர் ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினான், வெண்ணெய் மாதிரி போய் மூடிக்கொண்டது.

"கம்பெனியில இருந்து வந்த மாதிரி இருக்குல்லக்கா?" என்றான். சங்கத்தில் அதைவிடப் பெரிய பாராட்டுக் கிடையாது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லாரும் கைதட்டினார்கள். யாரைக் கோபிப்பது? பழைய பலகை எங்கே என்று மட்டும் கேட்டாள். மக்கிப்போயிருந்தது, அன்றைக்கே எரித்தாயிற்று என்றான். கம்பளியும் அதோடு போயிருந்தது. சலவைக் கம்பெனி அந்த வேனையே பழசாகத்தான் வாங்கியது, வரும்போதே சாம்பல் நிறம். அப்பா இந்தக் கிரீமையும் பச்சையையும் கண்ணால் பார்த்ததே இல்லை. வேன் செய்த கம்பெனியிலிருந்து வந்த நாளுக்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அந்த நாளில் அப்பாவும் இல்லை, அவளும் இல்லை.

வெல்டரே ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டான். அப்பா வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், விரல் மடக்கித் தகரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க தம்பி. யாரு வண்டி?"

வெல்டர் அவளைப் பார்த்தான். "உங்களுதுதாங்க ஐயா."

"என்னுது ஆஷ் கலராச்சே," என்று சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான் அவள் வெல்டரைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தினமும் அரை மணி நேரம், மூடி, கதவு, பிரசவ ஆஸ்பத்திரி, எல்லாம். அவன் கையில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டினான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

சொல்லியிருக்கலாம்தான்.

"பெயிண்ட மாத்திடலாம். சுத்தியால அடிச்சு நெளிசலக்கூடக் கொண்டாந்துடலாம். ஆனா…" அவன் அடித்தால் அது அவன் அடித்த நெளிசலாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு அடையாளம் தெரியாமல் போனதற்கு வண்டி மாறியதுதான் காரணமா, அந்தப் பதினோரு வாரமா, அதுவும் அவளுக்குத் தெரியாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற சமாச்சாரமா அது?

ஆனாலும் அப்பாவை ஏற்றி உட்கார வைத்தாள். புது சீட்டு, புது பெயிண்ட் வாசனை. விருந்தாளி வீட்டு சோபாவில் உட்காருகிற மாதிரி நுனியில் உட்கார்ந்துகொண்டார். கை ஸ்டியரிங் பக்கம் போகவில்லை. அவள் சுற்றி வந்து ஏறிக் கதவை இழுத்தாள். பழக்கதோஷத்தில் இடுப்பால் இடிக்கப் போனாள், கதவு அதற்குள் மூடியிருந்தது. அவள் தடுமாறி, பளபளவென்றிருந்த புது மூடியின் மேல் உட்கார்ந்தாள்.

அப்பா சட்டென்று திரும்பினார்.

"சிஸ்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. அங்க உக்காராதீங்க."

"ஏன், சுடுமா?"

"எங்க வண்டியில அது என் பொண்ணு இடம். வேற யாரையும் நான் உக்கார விடுறதில்ல. எந்த வண்டின்னாலும் பார்க்க ஒரு மாதிரி இருக்கு."

அவள் எழுந்து, குனிந்தபடியே பின்பக்கம் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து அவருடைய பின்னந்தலை மட்டும் தெரிந்தது.

"உங்க பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"வருவா," என்றார் அப்பா, கண்ணாடிக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டே. "வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கு. வண்டி வந்ததும் வந்துடுவா."